வீட்டுத் தோட்டமும் வித்துத் தேர்வும்



ஆடிப்பட்டம் அணுகுங்கால், வீட்டின் பின்புறத்தே நாலைந்து குழி நிலமோ மாடியிற் பத்துத் தொட்டிகளோ உடையார் பலரும் விதைப் பொட்டலம் தேடத் தொடங்குகின்றனர். கடைக்குச் செல்வாரும் உளர். அஞ்சலில் வரவழைப்பாரும் கைப்பேசியிற் பட்டியல் பார்த்து வாங்குவாரும் உளர். அவருட் பெரும்பாலார் பொட்டலத்தின்மேல் அச்சிட்ட காயின் படத்தில் மயங்கி வாங்குகின்றனரே யன்றி, 'இச்செடி ஈனும் விதையை அடுத்த ஆண்டும் விதைக்கலாமா?' என்று கேட்பார் மிகச் சிலரே. கேட்க வேண்டிய முதல் வினாவோ அதுதான்.

கடைகளில் விற்கும் காய்கறி விதைகள் இருவகைய. ஒன்று, தாய்ச்செடியின் இயல்பு மாறாது வழிவழி வருவது. மற்றொன்று, இருவேறு பெற்றோர் வழிகளைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறைக் கலப்பு. இப்பின்னதையே 'வீரிய ஒட்டு' என்று ஏடுகளும் கடைக்காரரும் வழங்குகின்றனர். முற்சொல் வடசொல் என்பதோடு குற்றம் நின்றுவிடவில்லை. பின்னிற்கும் தமிழ்ச்சொல்லும் பொருள் திரிந்து நிற்கின்றது. ஒட்டு என்பது ஒரு செடியின் கிளையை மற்றொன்றன் தண்டொடு பொருத்தி வளர்ப்பது. ஒட்டுமாவை அறியாதார் யார்? கலப்பு விதையிலோ எதனையும் எதனோடும் ஒட்டுவதில்லை; ஒரு செடியின் பூந்தாதை இன்னொரு செடியின் சூல்முடியிற் சேர்ப்பதே நிகழ்கின்றது. கலப்பு விதை என்றே பெயரிட்டிருப்பின், கலந்தது பிரியுமே என்று வாங்குவோர் தாமே உய்த்துணர்ந்திருப்பர்.

ஆம், பிரியத்தான் செய்யும். கலப்பின் முதல் தலைமுறை ஒருசீராய் மிகுந்து காய்க்கும். அக்காயின் விதையை எடுத்து விதைத்தாலோ, ஒரு செடி நெடிதாகவும் ஒன்று குறிதாகவும், ஒன்றன் காய் உருண்டையாகவும் ஒன்றன் காய் நீளமாகவும் பலவாறு வரும். ஆகவே ஆண்டுதோறும் பொட்டலம் வாங்கியே தீர வேண்டும். சந்தைக்கு வண்டியேற்றும் உழவர்க்கு அவ்வொருசீர்மை ஊதியம் தரும். அவர் கணக்கு வேறு. அவரைக் குறை கூறுதல் தகாது. ஐவர் உண்ணும் வீட்டுக்கோ காயெல்லாம் ஓரளவாய் இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அங்கே கலப்பு விதையால் வரும் ஆதாயத்தினும், அடுத்த ஆண்டுக்கும் கையில் வித்து இல்லாமற் போகும் இழப்பே பெரிது.

இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்? வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட வகைகளுக்குப் பிறந்த ஊரே பெயராய் அமைகின்றது. 'கோ' என்பது கோயம்புத்தூர், 'பி.கே.எம்.' என்பது பெரியகுளம், 'பி.எல்.ஆர்.' என்பது பாலூர், 'எம்.டி.யு.' என்பது மதுரை. (பெரியகுளம் என்று முழுதும் எழுதுதற்குப் பொட்டலத்தில் இடமா இல்லை?) பெரியகுளம் 1 தக்காளியும் பாலூர் 1 கத்தரியும் மதுரை 1 பாகலும் இயல்பு மாறாத வகைகளே, விதை எடுத்து வைக்கலாம். சுருக்கப் பெயரின் இறுதியில் 'எச்' என்னும் எழுத்திருப்பின், அல்லது பொட்டலத்தில் 'எஃப் 1' என்று இருப்பின், அது கலப்பு.

அடுத்து, சீட்டைப் படித்தல் வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீலச் சீட்டு உண்டு. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்வழி வகுத்த அளவுப்படி, தக்காளியும் கத்தரியும் நூற்றுக்கு 70, வெண்டை 65, மிளகாய் 60 முளைத்தல் வேண்டும். முளைப்பு ஆய்ந்த நாளும், விதை எந்நாள்வரை செல்லும் என்பதும் சீட்டில் இருக்கும். நாள் கடந்த விதை பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்கற்க. நிறமேறிய விதை மருந்து பூசியது, அது நஞ்சு, குழந்தைகள் கைக்கு எட்டாது வைக்க.

அளவிலும் பலர் ஏமாறுகின்றனர். ஒரு கிராம் தக்காளி விதையில் ஏறத்தாழ 300 விதைகள் உள. வீட்டுக்கு வேண்டுவனவோ பத்துச் செடிகள். நால்வர் சேர்ந்து ஒரு பொட்டலம் வரவழைத்துப் பகிர்ந்துகொள்வதே அறிவுடைமை. ஆனியிலேயே வரவழைத்தால், பத்து விதையை ஈரத்துணியிற் பொதிந்து முளைக்கவைத்து எண்ணிப் பார்க்கவும் காலம் இருக்கும்.

இனி, பெயர் சொல்லிக் கேட்டல். 'கத்தரி விதை கொடுங்கள்' என்று கேட்பார்க்குக் கடைக்காரர் கைக்கெட்டியதை எடுத்துக் கொடுப்பார். வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரி என்றும், இராமநாதபுரம் முண்டு மிளகாய் என்றும் பெயர் சொல்லிக் கேட்பார்க்கே அவை கிட்டும். இவ்விரண்டும் 2023இற் புவிசார் குறியீடு பெற்றன. ஊர்ப்பெயரோடு வழங்கிய கத்தரிகளை ஒருவரும் கேளாதபோது விற்பார் இல்லை. விற்பார் இல்லாதபோது விளைப்பாரும் இல்லை. மரபணு மாற்றிய கத்தரியை 2010 பிப்பிரவரியில் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சர் நிறுத்திவைத்தபோது, கத்தரியின் பல்வகைமைக்கு இந்நாடு உறைவிடம் என்பதும் எடுத்துக்காட்டப்பட்ட கரணியங்களுள் ஒன்று. அப்பல்வகைமை அரசின் குளிர்ப்பெட்டியில் மட்டும் இருந்தாற் போதுமா? 2001ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்பு, உழவர் உரிமைச் சட்டம், உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பிறர்க்குக் கொடுக்கவும் உரிமை தந்துள்ளது. வணிகப் பெயரிட்ட பொட்டலமாய் விற்பதொன்றே கூடாது.

எல்லாவற்றுக்கும் விதை எடுத்தல் இயலுமா எனின், இயலாது. முட்டைக்கோசும் பூக்கோசும் குளிர் வேண்டுவன. சமவெளியில் அவற்றுக்கு விதை வாங்கியே ஆக வேண்டும். தக்காளி தன் பூந்தாதாலேயே சூல்கொள்ளும். அதுவே தொடக்கத்தார்க்கு எளிது. கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றில் பூச்சிகளாற் கலப்பு நேரும். ஆதலின் ஒரு பட்டத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு வகை மட்டும் இடுக. சுரையும் பூசணியும் தம்முட் கலந்துவிடும் என்று சிலர் அஞ்சுவது வீண். இரு வேறு சுரை வகைகளே தம்முட் கலக்கும். அதனைத் தவிர்க்க விரும்புவோர், மறுநாள் விரியவிருக்கும் பூசணியின் ஆண்பூ, பெண்பூ இரண்டையும் மாலையில் நூலாற் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்துத் தாது சேர்த்து, மீண்டும் பெண்பூவைக் கட்டிவிடுக. சுரையும் பீர்க்கும் மாலையிற் பூப்பனவாதலின், அவற்றுக்கு இவ்வேலை பொழுது சாயும்போது.

விதைக்கென விடும் காயை முதலிலேயே தேர்ந்து அடையாளமாக நூல் கட்டிவிடுதல் வேண்டும். கறிக்கு எஞ்சிய சூம்பற்காயை விதைக்கு விடுவது கேடு. கத்தரி மஞ்சள் நிறமாய் முதிரவும், வெண்டையும் பீர்க்கும் கொடியிலேயே காய்ந்து கலகலக்கவும் விடுக. விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத குப்பியில் இட்டு, வகையின் பெயரும் ஊரும் எடுத்த ஆண்டும் எழுதி ஒட்டுக. வெங்காய விதை ஓராண்டிலேயே முளைப்புக் குன்றும். அதனை அடுத்த பட்டத்துக்குள் விதைத்துவிட வேண்டும். சுரை, பூசணி விதைகள் மூன்று நான்காண்டு பொறுத்திருக்கும்.