போக முடியாத திருப்பயணம்

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, 6.9.2020 அன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



நாளை மறுநாள் செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா. வேறொரு ஆண்டாக இருந்திருந்தால் பரமத்தி வேலூரிலிருந்து பலர் இந்நேரம் சாலையில் இருப்பார்கள். காவி உடுத்தி நடந்தவர்கள் தஞ்சாவூரைத் தாண்டியிருப்பார்கள். வேனில் போகிறவர்கள் இன்று இரவு காவிரிப் பாலத்தைக் கடந்து கரூர், குளித்தலை, திருச்சி வழியாக நாளை வேளாங்கண்ணி தேர்பவனிக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். இந்த ஆண்டு அது எதுவும் நடக்கவில்லை. ஆகஸ்ட் 29ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடி ஏறியது. அதைப் பார்க்க மக்கள் இல்லை. நாம் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்த்துக் கண் கலங்கினோம்.

நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மாயி, வயது எழுபதுக்கு மேல், சென்ற மாதம் கோவில் வாசலில் தள்ளி நின்றபடியே என்னைக் கேட்டார்: "சாமி, பேரன் காய்ச்சல்ல கெடந்தப்ப, பொழைச்சா இந்த வருசத் திருநாளுக்கே கூட்டிட்டுப் போயி மொட்டை போடறேன்னு நேந்துக்கிட்டேனுங்க. இப்பப் போக முடியலையே. மாதா கோவிச்சுக்குவாளுங்களா?"

அவருடைய கேள்வி பயணத்தைப் பற்றியது மட்டுமல்ல. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லையே, அதனால் பேரனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அதற்குள் இருந்தது. இந்தப் பயம் உங்களில் பலருக்கும் இருக்கலாம். அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறேன்.

வேளாங்கண்ணித் திருத்தலம் எப்படி வளர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். வழிவழியாக நாம் கேட்டுவரும் வரலாறு இது. பதினேழாம் நூற்றாண்டில் மக்காவோவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட போர்த்துக்கீசிய வணிகர்களின் கப்பல் வங்கக் கடலில் புயலில் சிக்கியது. அவர்கள் மாதாவை வேண்டினார்கள். உயிர் தப்பிக் கரை சேர்ந்த இடம் வேளாங்கண்ணி. அந்த நாள் அன்னையின் பிறந்த நாள். அவர்கள் போக நினைத்த ஊர் வேளாங்கண்ணி அல்ல, கொழும்பு. திட்டமிட்ட பயணம் பாதியில் முறிந்த இடத்தில்தான் நன்றியாக ஓர் ஆலயம் எழுந்தது. நாம் போக முடியவில்லையே என்று ஏங்கும் அந்த இடமே, போக நினைத்த இடத்துக்குப் போக முடியாமல் போனவர்களின் நினைவுச் சின்னம்.

புனித பவுலுக்கும் இது புதிதல்ல. உரோமைக்கு வர வேண்டும் என்று பலமுறை எண்ணினேன், பலமுறை தடைபட்டது என்று அவரே உரோமையருக்கு எழுதுகிறார். பித்தினியாவுக்குப் போக முயன்றபோது தூய ஆவியார் விடவில்லை என்று திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. நேரில் போக முடியாததால் பவுல் என்ன செய்தார்? கடிதம் எழுதினார். இன்று இரண்டாம் வாசகமாக நாம் கேட்டது அந்த உரோமையர் திருமுகத்தின் ஒரு பகுதிதான். அவர் நினைத்த நாளில் நினைத்தபடி போயிருந்தால், அந்தத் திருமுகம் நம் கைக்கு வந்திருக்குமோ என்னவோ!

ஆனால் பவுல் வருத்தமே படவில்லை என்று நினைக்காதீர்கள். தெசலோனிக்காவிலிருந்து பிரிக்கப்பட்டு, திரும்பிப் போக முடியாமல் தவித்தபோது அவர் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு 'அநாதையாக்கப்பட்டோம்' என்று பொருள். பெரிய திருத்தூதரே அப்படிச் சொல்கிறார். ஆகவே பயணம் தடைபட்டதற்காக அழுவது விசுவாசக் குறைவு அல்ல.

நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். ஏப்ரல் மாதம் அவருடைய அப்பா இறந்தார். விமானம் இல்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதிப்படி அடக்கம் நடந்தது. ஒருவர் கைபேசியைக் குழிக்கு நேரே பிடித்துக்கொண்டார். மகன் அதில் பார்த்தார். மண் போடும்போது "ஒரு பிடி எனக்காகப் போடுங்க ஃபாதர்" என்றார். போட்டேன். அன்று அவருக்கு ஆறுதலாகச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. அவருடைய துயரத்தையும் நம்முடைய சுற்றுலா ஏமாற்றத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. எல்லாம் நன்மைக்கே என்று அவரிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம். அவர் வரும் நாளில் கல்லறைக்கு அவரோடு போய் நிற்போம். அது நம் கடமை.

இப்போது அம்மாயியின் கேள்விக்கு வருகிறேன். நேர்ச்சையைப் பற்றித் திருச்சபைச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து ஒருவரை விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு என்று 1196ஆம் எண் சொல்கிறது. நேர்ந்துகொண்ட செயலுக்குப் பதிலாக, அதற்கு இணையான அல்லது அதைவிட மேலான நற்செயல் ஒன்றை நேர்ந்தவரே செய்யலாம் என்று 1197ஆம் எண் சொல்கிறது. அதாவது, முடியாததைச் செய்யவில்லை என்று கடவுள் நம்மைத் தண்டிப்பதில்லை. வட்டிக்குக் கொடுத்தவர்போல அவர் வாசலில் வந்து நிற்பதில்லை. மாதாவும் அப்படித்தான். சீக்கான பிள்ளையைக் கூட்டத்தில் கொண்டுவா என்று எந்தத் தாயும் கேட்கமாட்டாள்.

இதை அம்மாயியிடம் சொன்னேன். பேரனின் முடி வளரட்டும், நோய் அடங்கியபின் போய்க்கொள்ளலாம் என்றேன். அவர் சும்மா இருக்கவில்லை. வேன் செலவுக்காக டப்பாவில் சேர்த்துவைத்த பணத்தை எடுத்து, லோடு இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டிலிருந்த பக்கத்து வீட்டு லாரி கிளீனர் குடும்பத்துக்கு அரிசியும் மளிகையும் வாங்கிக் கொடுத்தார். அவர் நம் சபையைச் சேர்ந்தவர்கூட அல்ல. அடுத்த வாரம் பார்த்தபோது, "மனசு இன்னும் ஆறலீங்க சாமி. ஆனா பயம் போயிருச்சு" என்றார்.

இன்றைய இரண்டாம் வாசகத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அன்பு ஒன்றைத் தவிர வேறு எந்தக் கடனும் உங்களுக்கு இருக்க வேண்டாம் என்கிறார் பவுல். அந்த ஒரு கடனைத் தீர்க்க இ-பாஸ் தேவையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாளை 7ஆம் தேதி முதல் மாவட்டம் விட்டு மாவட்டம் பேருந்து ஓடப்போகிறது. "பஸ்தான் விட்டுட்டாங்களே, ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாம்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. இன்றைய முதல் வாசகத்தில் எசேக்கியேலைக் கடவுள் காவலாளியாக வைக்கிறார். ஆபத்தைக் கண்டும் வாய்மூடி இருந்தால் பழி காவலாளி மேல். ஆகவே சொல்கிறேன்: இந்தத் திருநாளுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போகாதீர்கள். நோயைச் சுமந்துவந்து வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் கொடுப்பது திருப்பயணம் ஆகாது.

அப்படியானால் செவ்வாய்க்கிழமை என்ன செய்வது? இரண்டு மூன்று பேர் என் பெயரால் கூடும் இடத்தில் நான் இருக்கிறேன் என்று ஆண்டவர் இன்றைய நற்செய்தியில் வாக்களிக்கிறார். இலட்சம் பேர் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்களே! மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றி, மாதா படத்துக்கு முன் குடும்பமாகச் செபமாலை சொல்லுங்கள். பிறகு, வர முடியாமல் தூரத்தில் இருக்கும் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். பயணத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பங்கை வேலை இழந்த ஒரு வீட்டுக்குக் கொடுங்கள். வசதி இல்லாதவர்கள் செபத்தைக் கொடுங்கள். அதுவே போதும்.

இந்த ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வழக்கமான நாளில் மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அந்தத் தண்ணீர் நம் ஊர் பாலத்துக்கு அடியில்தான் போகிறது. கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகி, அதிலிருந்து வெள்ளையாறாகி, வேளாங்கண்ணிக்கு அருகில் கடலில் சேர்கிறது. பாலத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று அந்தத் தண்ணீரைப் பாருங்கள். நாம் போக முடியாத இடத்துக்கு அது போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வேண்டுதலையும் அப்படியே அனுப்பிவையுங்கள். அன்னைக்குக் கேட்கும்.

ஆண்டவரே, போக முடியாதவர்களையும், வர முடியாதவர்களையும், வழியனுப்ப முடியாமல் தம் உறவுகளை இழந்தவர்களையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். அடுத்த ஆண்டு இதே நாளில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து நடக்க அருள்தாரும். ஆமென்.

பங்குத்தந்தை, பரமத்தி வேலூர்