புளியும் பித்தளையும்
(எமது சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழாவுக்கு முதல்நாள் எமது மண்டபத்திற் குத்துவிளக்குத் துலக்கும் காட்சி உங்களுக்குப் புதிதன்று. பழப்புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிடுவோம். கறுத்துக் கிடந்த விளக்குப் பொன்போல மின்னும். புளி என்ன செய்தது என்று கேட்டால், பித்தளையை அரித்தது என்போம். அது பிழை.

உலோகத்தை அமிலம் தாக்குவதைக் காண வேண்டின், நாகத்துண்டொன்றை ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தில் இடுக. குமிழிகள் பொங்கும். இவ்வாறு எழும் வாயு தீப்பற்றுவது, ஏனைய வாயுக்களின் வேறானது என்பதை 1766 ஆம் ஆண்டில் ஹென்றி கவெண்டிஷ் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து வெளியிட்டார். அதுவே ஐதரசன். இரும்பை இட்டாலும் அது வரும். செம்பை இட்டாலோ ஒரு குமிழியும் எழாது. நாகம் ஐதரசனைத் துரத்திவிட்டு அதன் இடத்தைப் பிடிக்கும். செம்புக்கு அவ்வலிமை இல்லை. (நைத்திரிக்கமிலம் செம்பையும் கரைக்கும், ஆயின் அங்கு எழுவது கபிலநிற நச்சுப்புகை, ஐதரசனன்று.) பித்தளையில் நாகம் கலந்திருந்தாலும் பெரும்பங்கு செம்பே.

அப்படியாயின் புளி கரைத்தது எதை? காற்றிலுள்ள ஒட்சிசன் செம்போடு கூடி உண்டாக்கிய கருநிறப் படலத்தை. அந்த ஒட்சைட்டும் புளியிலுள்ள தாத்தாரிக்கமிலமும் தாக்கமுற்றால் உப்பும் நீரும் உண்டாகும், வாயு எழாது. அடியிலுள்ள உலோகம் தலைகாட்டும்.

இவ்வளவும் படித்த துணிவினாலேதான் நாம் ஒருமுறை அகப்பட்டோம். அன்னதானத்தில் மிஞ்சிய இரசத்தைப் பூச்சுத் தேய்ந்த பித்தளைக் கிடாரத்திலேயே விட்டுப் புறப்பட்டபோது பெரியவர் ஒருவர், "களிம்பு ஏறும் தம்பிமார், வேறை சட்டியிலை ஊத்துங்கோ" என்றார். செம்பை அந்தப் புளி தாக்காது என நாம் நியாயம் பேசினோம். காலையில் விளிம்பைச் சுற்றிப் பச்சை வளையம்! நல்லவேளையாக ஒருவரும் வாய் வைக்கவில்லை. செம்பின் உப்புக்கள் வயிற்றைப் பிரட்டி வாந்தியெடுக்கச் செய்வன. நாம் மறந்தது காற்றை. ஒட்சிசன் சிறிது சிறிதாகச் செம்பைப் பற்ற, புளி அதை உடனுடன் கரைத்துக்கொண்டே இருந்தது. சில நிமிடத்தில் விளக்கைத் துலக்கிய அதே தாக்கம் இரவு முழுவதும் உணவினுள்ளே நடந்தது.

கிடாரத்தின் உட்புறம் வெள்ளீயம் பூசுவது இதற்காகவே. காரீயத்தை அவ்விடத்தில் எண்ணவும் கூடாது; அது நஞ்சு. பூச்சுத் தேய்ந்து மஞ்சள் நிறம் தெரிந்தால் புளி, தயிர், தேசிக்காய் சேர்ந்த எதையும் அதில் வைத்தல் ஆகாது. எமது சங்கக் கிடாரம் இரண்டும் இப்போது அந்நிலையிலேயே இருக்கின்றன. அடுத்த அன்னதானத்துக்கு முன் பூசுவிக்கப் பொருளாளர் பணம் ஒதுக்குவாரென நம்புகிறோம்.

விளக்குத் துலக்குவோருக்கும் ஒரு சொல்: புளியை நன்றாகக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். இடுக்கிற் சிறிது தங்கினாலும் அடுத்த விழா வருமுன் அவ்விடம் பச்சை பூத்துவிடும்.