மகரத்தின் எண் 2990



அச்சுக்கோத்து வாழ்ந்த பெரியவர் ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் எழுத்தைப் பற்றிப் பேசுவதே முறை. மதுரை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன். நமக்கு அது மூன்றெழுத்து. யூனிகோடு முறையில் அதற்கு ஐந்து குறிகள்: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. அவற்றின் எண்கள் 2990, 2980, 3009, 2992, 3016.

கணினி சேமித்து வைப்பது இந்த எண்களைத்தான். வடிவம் தருவது எழுத்துருவின் வேலை. 2990ஐ இரும எண்ணாக எழுதினால் 101110101110 என்று பன்னிரண்டு இலக்கம் வரும். ஒரு பைட்டில் எட்டு இலக்கந்தான் அடங்கும். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த யூடிஎஃப்-8 முறை அதை ஆறு ஆறாகப் பிரிக்கிறது. மகரத்துக்கு இரண்டு பாதியும் 101110 என்றே அமைந்திருப்பது அழகு. ஒவ்வொன்றின் முன்னும் 10 சேர்த்தால் 174. வருவது மூன்று பைட் எழுத்து என்று அறிவிக்க 224 முன்னே நிற்கும். ஆக 224, 174, 174. மதுரை முழுவதற்கும் 15 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், நமக்கு மூன்றா என்று வருந்துவோர் உண்டு. இன்றைய சேமிப்பு வசதியில் அது பெரிய இழப்பில்லை.

யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இந்திய மொழிகளுக்கு 1988இல் வகுத்த இஸ்கி முறையை ஒட்டி அமைந்தது. அதனால் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன. நெடுங்கணக்கு இப்படி இல்லாததால் அகராதி வரிசைக்குத் தனி விதி எழுத வேண்டியிருக்கிறது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் டேஸ்16 முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010இல் ஏற்றது. உயிர்மெய்க்குத் தனி எண் வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. ஆனால் உலகம் யூனிகோடில் நிலைத்துவிட்டது. இனி நம் உழைப்பும் அங்கேதான் சேர வேண்டும்.

என் கவலை வேறு. டி.டி.பி. காலத்தில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த நூல்கள் எத்தனையோ. பாமினியில் மதுரைக்கு 107, 74, 105, 117 என்று நான்கே எண்கள். துகரம் ஒரே எண். ஐகாரக் குறி ரகரத்துக்கு முன்னால் வரும். இவை நான்கும் உண்மையில் ஆங்கில எழுத்துகளின் எண்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். மதுரை என்று தேடினால் அந்த நூல் அகப்படாது.

யூனிகோடிலும் இந்த ஆபத்து உண்டு. ஔவையார் என்பதை ஔகாரத்தின் எண் 2964ஆல் தொடங்குவதே சரி. பலர் ஒகரத்தை அடித்து, பக்கத்தில் ளகரத்தை அடிக்கிறார்கள். திரையில் கண்ணுக்கு வேறுபாடு தெரிவது அரிது. கணினிக்கு அது வேறு சொல். ஔவையாரைத் தேடும் மாணவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமலே போகும்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முன்னின்றார். உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். தொடக்கத்தில் பழைய குறிமுறைகளில் வந்த நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். அந்த இரண்டாவது உழைப்பு இல்லையென்றால் முதல் உழைப்பு இன்று யாருக்கும் எட்டியிருக்காது.

அச்சக உரிமையாளர்களே, மறைந்த எழுத்தாளர்களின் குடும்பத்தாரே, உங்கள் பழைய கணினிகளிலும் குறுந்தட்டுகளிலும் உள்ள கோப்புகளை அழிக்காதீர்கள். எந்த எழுத்துருவில் அடித்தது என்று குறித்து வையுங்கள். அவற்றை அடித்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் ஔகாரங்களை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.