டொலேடோ கண்டோம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஸ்பெயின் நாட்டிற்குச் சென்றிருந்த நாங்கள், தலைநகராகிய மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டொலேடோ என்னும் பழம்பதியைக் கண்டு வந்தோம். அதைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் பணித்துள்ளார்.

விரைவு ரயிலில் அரைமணி நேரப் பயணந்தான். டேகஸ் ஆறு மூன்று புறமும் வளைந்தோட, நடுவே பாறைக் குன்றின்மீது நகரம் நிற்கிறது. வீதிகள் குறுகியவை, ஏற்றமும் இறக்கமும் மிகுந்தவை. முழங்கால் நோவுடையோர் கைத்தடியுடன் செல்வது நலம். 1561-இல் மன்னர் இரண்டாம் பிலிப் தம் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றினார். நகரம் தளர்ந்தது, அதனாலேயே அதன் பழமை பிழைத்தது என்பது எங்கள் எண்ணம்.

முஸ்லிம் ஆட்சியிலிருந்த இவ்வூரை 1085-இல் ஆறாம் அல்போன்சோ கைக்கொண்டார். அடுத்த நூற்றாண்டில், அரபு நூல்களை லத்தீனில் பெயர்க்கும் அறிஞர்கள் இங்கே திரண்டனர். டாலமியின் வானநூலைத் தேடி இத்தாலியிலிருந்து வந்த கிரெமோனா ஜெரார்டு, அரபு மொழி பயின்று, அந்நூலோடு பல நூல்களைப் பெயர்த்தார். அவற்றுள் அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலும் ஒன்று.

சாந்தோ தோமே என்னும் கோயிலில் எல் கிரேக்கோ 1586-க்கும் 1588-க்கும் இடையே தீட்டிய பெரும் ஓவியம் உள்ளது. ஒர்காஸ் பிரபுவை நல்லடக்கம் செய்யும் காட்சி அது. எல் கிரேக்கோ என்றால் 'கிரேக்கர்' என்றே பொருள். ஊரார் இட்ட பெயர். கிரீட் தீவிற் பிறந்த அவருடைய இயற்பெயர் டொமினிக்கோஸ் தியோடோகோபௌலோஸ். ஓவியத்தின் முன்புறத்தில் நிற்கும் சிறுவன் அவருடைய மகன். அவன் பையிலிருந்து தொங்கும் கைக்குட்டையில் தந்தை தம் கையொப்பத்தைக் கிரேக்க எழுத்திலேயே இட்டு, 1578 என மகன் பிறந்த ஆண்டையும் குறித்துள்ளார். 1577-இல் டொலேடோ வந்து, 1614-இல் அங்கேயே மறைந்த அவர், ஸ்பானியர் படிக்கவியலாத எழுத்தில் ஏன் கையொப்பமிட்டார் என்று நாங்கள் நெடுநேரம் பேசிக்கொண்டோம். தமிழ் பேசியும் தமிழ் எழுத்தறியாத பிள்ளைகளை நம் வீடுகளிலே காண்கிறோம் அல்லவா?

அங்கிருந்து சில நிமிட நடையில், 14-ஆம் நூற்றாண்டில் மன்னரின் பொருளாளர் சாமுவேல் ஹாலேவி எழுப்பிய யூதர் தொழுகைக்கூடம் இருக்கிறது. சுவரில் எபிரேய எழுத்தும் அரபு எழுத்தும் பூவேலைப்பாட்டிடையே இழைந்து ஓடுகின்றன. அதைக் கட்டியவரோ மன்னரின் சினத்துக்கு ஆளாகிச் சிறையில் மாண்டார். 1492-இல், மதம் மாறாத யூதர் அனைவரும் நாட்டைவிட்டு நீங்க வேண்டுமென ஆணை பிறந்தது. சென்றவர்கள் இஸ்தான்புல், சலோனிக்கா முதலிய இடங்களிற் குடியேறினர். தம்மை விரட்டிய நாட்டின் மொழியை அவர்கள் விடவில்லை! பழைய ஸ்பானியத்தை வீட்டிலே பேசி, எபிரேய எழுத்தில் எழுதி, தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். சலோனிக்காவிலிருந்தோரில் மிகப் பெரும்பாலோரை 1943-இல் நாஜிகள் கொண்டுசென்று கொன்றனர். இன்று அம்மொழி பேசுவோர் சிலரே.

2015-இல் ஸ்பெயின் சட்டமியற்றி, அவர்தம் வழித்தோன்றல்கள் குடியுரிமை கோரலாமென்றது. ஆயினும் ஸ்பானியம் வழங்காத நாட்டினர், முதியோர் நீங்கலாக, இக்கால ஸ்பானிய மொழியில் தேர்வெழுத வேண்டும்! 2019-இல் அவ்வாயில் அடைபட்டது.

அத்தொழுகைக்கூடம் இப்போது அருங்காட்சியகம். திங்கட்கிழமைகளில் திறப்பதில்லை, போகிறவர்கள் நாள் பார்த்துச் செல்க. பாதாம் பருப்பும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மசபான் இனிப்பும் அவ்வூரில் பெயர்பெற்றது. கொஞ்சம் வாங்கி வந்திருக்கிறோம், பந்தியிற் பரிமாறுவார்கள்.