பிரேக் எண்ணெய்க்கும் வயது உண்டு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ் மணக்கும் இம்மேடையில் மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்துள்ளோம். தலைப்பைக் கண்டு சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. எனினும் திருப்புறத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கார் நிற்கும் வீடுகள் இன்று எத்தனை! அவற்றுட் சில, வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் வாங்கி நிறுத்திச் சென்றவை. விடுமுறை மாதத்தில் மட்டும் உயிர்பெற்று ஓடுபவை. “ஓடாத வண்டிக்கு என்ன பழுது வந்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்களுக்காகவே இவ்வுரை.

காரின் மிதியைக் காலால் அழுத்துகிறோம், சக்கரம் நிற்கிறது. இடையே வேலை செய்வது குழாயில் அடைபட்டிருக்கும் ஒரு திரவம். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். அவ்விதியைக் கொண்டு நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக் அமைத்த காரை அமெரிக்காவின் டூசன்பர்க் கம்பெனி 1921-இல் வெளியிட்டது. பின்னர் உலகெங்கும் அம்முறையே நிலைத்தது.

இரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்கு இங்கே ஓர் ஒப்பு நோக்கத் தோன்றுகிறது. இரயிலில் குழாயிலுள்ள காற்றின் அழுத்தமே பிரேக்கைப் பிடிக்கவொட்டாமல் விலக்கி வைத்திருக்கிறது. சங்கிலியை இழுத்தாலும், குழாய் அறுந்தாலும், காற்று வெளியேறி பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். 1889-இல் அயர்லாந்தின் ஆர்மா நகரருகே, கழற்றிவிடப்பட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடிப் பின்னால் வந்த வண்டியில் மோதி 80 பேர் மாண்டனர். அதன் பிறகே இத்தகைய பிரேக்கைப் பிரயாணி வண்டிகளுக்கு அந்நாட்டில் சட்டம் கட்டாயமாக்கிற்று. ஆக, பிரேக்கில் குறை நேர்ந்தால் இரயில் நின்றுவிடும். காரிலோ நிலைமை நேர் எதிர். திரவம் கைவிட்டால் வண்டி நில்லாது.

இத்திரவத்தைப் பட்டறைகளில் “பிரேக் ஆயில்” என்கிறார்கள். அது எண்ணெயே அன்று. பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயை அதில் ஊற்றினால் உள்ளேயுள்ள இரப்பர் வளையங்கள் ஊதிக் கெடும். பெரும்பாலான கார்களில் இருப்பது கிளைக்கால் இனத்தைச் சேர்ந்த திரவம். எண்ணெய் நீரோடு சேராது. இதுவோ நீரைத் தேடிக் குடிப்பது. மழைக்காலத்தில் மூடாத உப்புச் சாடி எங்ஙனம் கசிகிறதோ, அங்ஙனமே இது காற்றின் ஈரத்தை மூடியின் நுண்ணிய துளை வழியாகவும் இரப்பர்க் குழாய்களின் ஊடாகவும் சிறிது சிறிதாக இழுத்துக்கொள்ளும். இடவப்பாதியும் துலாமழையும் என ஆண்டிற்கு இருமழை காணும் ஊர் நம் ஊர். நெய்யாறு கடலில் விழும் பூவாறும் அருகில். இங்கே காற்றில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. கார் ஓடினாலும் நின்றாலும் அந்தக் குடி நிற்பதில்லை. கிலோமீட்டர்க் கணக்கு இதற்குப் பொருந்தாது; நாட்காட்டிக் கணக்கே பொருந்தும்.

நீர் சேர்ந்தால் என்ன கெடும்? ‘டாட் 3’ எனப்படும் வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ‘டாட் 4’ வகைக்கு 230-ம் 155-ம் ஆகும். சமவெளியில் நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் போய் வருகையில் இவ்வேறுபாடு தெரியாது. பொன்முடியிலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும், எருமேலியிலிருந்து பம்பைக்குப் போகும் வழியில் கணமலை இறக்கத்திலும்தான் தெரியும். வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து இறங்கினால் சக்கரத்தகடு கொதித்து, அச்சூடு திரவத்திற்கு ஏறும். கலந்த நீர் ஆவியாகும். திரவத்தை அமுக்கிச் சுருக்க இயலாது, ஆவியை இயலும். கால் கொடுக்கும் விசை முழுவதும் அவ்வாவியைச் சுருக்குவதிலேயே கழிந்து, மிதி தரையைத் தொடும். வண்டியோ மேலும் விரையும்.

இதில் ஒரு வஞ்சகம் உண்டு. சூடு ஆறியதும் ஆவி மீண்டும் நீராகிவிடும். மிதியும் பழையபடி இறுகிவிடும். பின்னர்ப் பட்டறையில் பார்த்தால் ஒரு குறையும் தென்படாது. “பிரேக் நன்றாகத்தானே இருக்கிறது” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

மெல்ல வரும் கேடும் ஒன்றுண்டு. நீர் உள்ளிருந்தே இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் சக்கரம் சறுக்காமற் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயம். அதன் நுண்ணிய வாயில்களைத் துரு கெடுத்தால் மாற்றும் செலவு பெரிது. திரவம் மாற்றும் செலவு அதன் முன்னே தூசு.

பல கார்களின் கையேடுகள் இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கின்றன. “கிண்ணத்தில் அளவு குறையவில்லையே” என்பது விடையாகாது. அளவு வேறு, தன்மை வேறு. குறைந்திருந்தால் மேலே சிறிது ஊற்றி நிரப்புவதும் மாற்றியதாகாது. கசிவோ கட்டையின் தேய்மானமோ என்று பார்க்கவேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் சக்கரத்தருகிலுள்ள திருகைத் திறந்து, நான்கு சக்கரங்களிலும் பழையது முழுதும் வெளியேறிப் புதியது தெளிவாக வரும்வரை செய்யவேண்டிய வேலை அது. ஈரத்தை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி சில பட்டறைகளில் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். நிறத்தை மட்டும் கண்டு முடிவு கட்ட வேண்டா.

இறக்கத்தில் எஞ்சின் வேகத்தைத் தாங்குமாறு தாழ்ந்த கியரில் வருவது நலம். மிதி தரைக்குப் போய்விட்டால் விரைவாகப் பலமுறை மிதித்து, கியரைக் குறைத்து, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுக்கவேண்டும். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பிவிடும்.

இனிப் பட்டறைக்குச் செல்லும் அன்பர்களுக்கு இரண்டு சொல். கிண்ணத்தின் மூடியில் எவ்வகை என்று எழுதியுள்ளதோ அதையே வாங்குக. ‘டாட் 5’ என்பது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கலாகாது. மற்றொன்று, முத்திரை உடையாத புட்டியைத் தம் கண்ணெதிரே திறக்கச் சொல்லுக. முன்பே திறந்து அலமாரியில் கிடந்த பாதிப்புட்டி, வண்டிக்குள் போகுமுன்னரே நம் ஊர்க் காற்றைக் குடித்திருக்கும்.