ஹெல்ப்தா மடத்தில் எழுதிய கைகள்



ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில், ஐஸ்லேபன் நகரை அடுத்து ஹெல்ப்தா என்றொரு கன்னியர் மடம் இருந்தது. பத்தாண்டு கண்ட ஓர் இலக்கிய வட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவது பொருந்தும் என்றே கருதுகிறேன். 1229-இல் மான்ஸ்ஃபெல்டில் தொடங்கிய அம்மடம், 1258-இல் ஹெல்ப்தாவில் நிலைகொண்டது. வாழ்ந்தது சிஸ்டெர்சியன் நெறி. ஆனால் அச்சபையின் உறுப்பு மடமன்று. புதிய பெண்கள் மடங்களைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று 1228-இலேயே சபையார் முடிவு செய்துவிட்டனர். உறுப்புரிமை மறுக்கப்பட்ட நெறியை அப்பெண்கள் விடாது கைக்கொண்டனர்.

1251-இல், பத்தொன்பது வயதில், ஹாக்கேபோர்ன் குடும்பத்துக் கெர்ட்ரூடு மடத்தலைவியானார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். கல்வி குன்றினால் வழிபாடும் குன்றும் என்பது அவர் கொள்கை. நூல்களை விலைகொடுத்து வாங்கினார். கன்னியரைக் கொண்டு படியெடுக்கச் செய்தார். இலத்தீனில் தேர்ந்த ஒரு தலைமுறை அங்கே உருவாயிற்று.

அந்த மடத்துக்கு 1270-ஐ ஒட்டி முதிய பெண்மணி ஒருவர் வந்து சேர்ந்தார். மக்டேபர்க் நகரின் மெக்டில்டு. துறவுச் சபை எதிலும் சேராமல், பெகீன் பெண்டிரோடு வாழ்ந்தவர். இலத்தீன் கல்லாதவர். இறைவனோடு கொண்ட காதலை மக்கள் பேசும் கீழ்ஜெர்மன் மொழியில், கவிதையும் உரைநடையும் கலந்து எழுதியவர். அந்நூல் எரிக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் அவருக்கு வந்தது. ஹெல்ப்தாவில் அவர் பார்வை மங்கியது. ஏழாம் பகுதியை அவர் வாயால் சொல்ல, கன்னியர் எழுதினர். இலத்தீன் கற்ற கைகள் கல்லாதவரின் மொழியை எழுதிக் கொடுத்தன. அம்மடத்தின் கல்விக்கு இதைவிடப் பெருமை எனக்குத் தெரியவில்லை.

அங்கே மெக்டில்டுகள் இருவர், கெர்ட்ரூடுகளும் இருவர். படிப்பவர் தடுமாறுவது இயல்பே. மடத்தலைவியின் தங்கை மெக்டில்டு, பாடற்குழுவின் தலைவி. அவர் நோயுற்றுக் கிடந்தபோது சொன்னவற்றை இரு கன்னியர் அவரறியாமல் எழுதிவந்தனர். அறிந்ததும் அவர் கலங்கினார், பின்னர் இசைந்தார். எழுதியவருள் ஒருவர், ஐந்து வயதிலேயே மடம் புகுந்த இளைய கெர்ட்ரூடு என்பர். அந்தக் கெர்ட்ரூடின் பெயரில் வழங்கும் ஐந்து பகுதி நூலிலும், அவர் கைப்பட எழுதியது 1289-இல் தொடங்கிய இரண்டாம் பகுதி மட்டுமே. ஏனையவை வேறொரு சகோதரியின் எழுத்து. அவர் பெயர் எங்கும் இல்லை. நூலின் பெரும்பகுதியை எழுதியும் தம் பெயரை ஓரிடத்திலும் பொறிக்காத அவரை, நூலாசிரியர் என்றே நான் சொல்வேன்.

1343-இல் படையினர் மடத்தைச் சூறையாடினர். 1346-இல் கன்னியர் ஐஸ்லேபன் நகர மதிலருகே குடிபெயர்ந்தனர். சமயச் சீர்திருத்தக் காலத்தில் மடம் மூடப்பட்டது. 1999-இல்தான் சிஸ்டெர்சியன் கன்னியர் ஹெல்ப்தாவுக்குத் திரும்பினர்.

மக்டேபர்க் மெக்டில்டின் நூலோ நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1861-இல் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்து நூலகத்தில் ஒரு படி வெளிப்பட்டது. அது 14-ஆம் நூற்றாண்டில் தென்ஜெர்மன் வழக்குக்கு மாற்றப்பட்ட படி. ஹெல்ப்தாக் கன்னியர், பார்வையிழந்த அம்முதியவரின் அருகமர்ந்து எழுதிய கீழ்ஜெர்மன் ஏடு இன்றுவரை கிடைக்கவில்லை.