படகில் ஏறி வரும் களை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஏரிமீன் வளர்க்கும் குழுக்களின் சார்பாக உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், தவணைன்னு காலையில இருந்து நிறைய பேசிட்டோம். நான் பேசப் போறது நம்ம குழுக்கள் குத்தகைக்கு எடுத்திருக்கிற ஏரிகளைப் பத்தி. குத்தகைப் பணம், மீன்குஞ்சு, தீவனம் எல்லாத்துக்கும் குழுவுல கடன் வாங்கித்தான் போட்டிருக்கோம். அந்தக் கடனை அடைக்க வேண்டியது கட்லாவும் ரோகுவும்தான். ஏரி கெட்டா மீன் போச்சு. மீன் போனாலும் தவணை நிக்காது.

ஏரியைக் கெடுக்கிறதுல முதல் ஆள் ஆகாயத்தாமரை. சில ஊர்ல வெங்காயத்தாமரைன்னு சொல்லுவாங்க. ஊதாப் பூ பார்க்க அழகாத்தான் இருக்கும். இது நம்ம நாட்டுச் செடி இல்லை. தென் அமெரிக்காவுல, அமேசான் ஆத்துப் பக்கம் பிறந்தது. பூவோட அழகைப் பார்த்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க கொண்டு வந்தாங்க. வங்காளத்துல ஆறு, குளம் எல்லாம் மூடிப்போய், இதை ஒழிக்கிறதுக்குன்னே 1936-ல தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

இது எப்படி வளருதுன்னு நமக்குப் புரியுற மாதிரி சொல்றேன். கந்துவட்டி எப்படிப் பெருகும்னு நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான். தண்ணியும் வெயிலும் தோதா இருந்தா இரண்டு வாரத்துல ஒண்ணு இரண்டாகும். இன்னைக்கு ஏரியில 10 செடி இருந்தா, இரண்டு வாரத்துல 20, நாலு வாரத்துல 40. இதே கணக்குல 24 வாரம் போனா 40,960 செடி. முதல் மாசம் பார்க்கிறவங்க "ஓரமா நாலு செடிதானே"ன்னு போயிடுவாங்க. ஆறாவது மாசம் பார்த்தா தண்ணியே கண்ணுக்குத் தெரியாது. வெயில் உள்ளே போகாது, தண்ணியில உயிர்க்காத்து குறையும், மீன் செத்து மிதக்கும், வலை இழுக்க முடியாது, கொசுவும் பெருகும். முழுசா வாரிப் போட்டுட்டோம்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. இதோட விதை சேத்துக்குள்ள 15, 20 வருஷம்கூட உயிரோட கிடக்கும்.

சரி, இது நம்ம ஏரிக்கு எப்படி வருது? மழை வெள்ளத்துல வரும், உண்மைதான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தண்ணி மேல் ஏரியில இருந்து கலங்கல் வழியா கீழ் ஏரிக்குத்தான் போகும். கீழ இருக்கிற களை தானா மேல ஏறி வராது. அதை மேல கொண்டு வர்றது படகும், பரிசலும், வலையும்தான். மீன் பிடிக்கிற ஆளுங்க ஒரு ஏரியை முடிச்சிட்டு, அதே பரிசலையும் அதே வலையையும் வண்டியில ஏத்திக்கிட்டு அடுத்த ஏரிக்கு வர்றாங்க. சுருட்டின வலைக்குள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் செடித் துண்டு உயிரோட இருக்கும். பரிசல் அடியில தேங்கின தண்ணியில நத்தை முட்டையும் வேண்டாத மீன்குஞ்சும் இருக்கும். ஒட்டின சேத்துல விதை இருக்கும். மேல் ஏரி ஒண்ணு கெட்டுதுன்னா, அடுத்த மழைக்கு அதுக்குக் கீழ இருக்கிற அத்தனை ஏரிக்கும் களை இறங்கும். அது ஒரு குழுவோட நஷ்டமா நிக்காது, இங்க உட்கார்ந்திருக்கிற நம்ம எல்லாரோட நஷ்டமாயிடும்.

கடலோரத்துல நம்மள மாதிரிப் பொண்ணுங்க படுற பாட்டையும் கேளுங்க. எண்ணூர், பழவேற்காடு பக்கம் உப்பங்கழித் தண்ணியில காக்கா ஆழின்னு ஒரு கருப்பு மட்டி பரவிக் கிடக்கு. இதுவும் தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்ததுதான். கப்பல் அடியில ஒட்டிக்கிட்டோ, கப்பல்ல பாரத்துக்காக நிரப்புற கடல் தண்ணியிலயோ வந்திருக்கும்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. இது சேத்து மேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்திடும். இறால் சேத்துல பதுங்க இடம் இருக்காது. முட்டி போட்டு, கையால தடவி இறால் பிடிச்சுப் பிழைக்கிற பெண்கள் அங்க நிறைய பேர். அவங்க கையில இப்ப இறாலுக்குப் பதிலா ஓடுதான் குத்துது.

கேரளாவுல அஷ்டமுடிக் காயல்ல எடுக்கிற மட்டிக்கு 2014-ல உலக அளவுல சான்று கிடைச்சது. இந்தியாவுல அந்தச் சான்று வாங்கின முதல் மீன்பிடிப்பு அதுதான். அடுத்த சில வருஷத்துலயே இந்தக் கருப்பு மட்டி அங்கேயும் வந்து, பழைய மட்டியோட இடத்தைப் பிடிச்சுக்கிச்சு. காக்கா ஆழி நம்ம நல்ல தண்ணி ஏரிக்கு வராது. ஆனா பாடம் ஒண்ணுதான். உள்ளே வந்த பிறகு கோடிக் கணக்குல செலவு பண்ணாலும் முழுசா ஒழிக்கிறது கஷ்டம்.

அமெரிக்காவுலயும் இதே கதைதான். அங்க பெரிய ஏரிகள்ல 1988-ல வரிக்குதிரை மட்டின்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. விரல் நகம் அளவுதான் இருக்கும். கப்பல்ல வந்து, பிறகு சின்னப் படகுகள்ல ஒட்டிக்கிட்டு ஏரி ஏரியாப் போயிடுச்சு. இப்ப அங்க படகு வச்சிருக்கிறவங்களுக்கு மூணே வார்த்தை சொல்லித் தர்றாங்க. சுத்தம் பண்ணு, தண்ணிய வடி, காயப் போடு. பல மாநிலங்கள்ல தண்ணிய வடிக்காம படகை ரோட்டுல கொண்டு போனா அபராதமே உண்டு.

இந்த மூணையும் நாம செய்ய முடியாதா? முடியும்.

1. மீன் பிடிச்சு முடிஞ்சதும், அந்த ஏரிக்கரையிலேயே வலையை விரிச்சு உதறணும். படகு, பரிசல், துடுப்பு, கூடை, கயிறு எல்லாத்துலயும் ஒட்டின செடி, சேறு, நத்தையைச் சுரண்டி எடுக்கணும். எடுத்ததைத் தண்ணியில தள்ளாம, கரைக்கு வெளியே மேட்டுல காயப் போடணும்.

2. பரிசல் அடியில, பாத்திரத்துல, ஐஸ் பெட்டியில இருக்கிற தண்ணிய அங்கேயே தரையில கவிழ்த்துடணும்.

3. நல்ல வெயில்ல காய விடணும். அமெரிக்காவுல சொல்ற கணக்கு 5 நாள். தடிச்ச வலையோட மடிப்பும் முடிச்சும் காய்ஞ்சிருக்கான்னு கையால தொட்டுப் பார்க்கணும்.

"அஞ்சு நாள் காயப் போட்டா கூலி போகுதே, நாங்க என்ன செய்யுறது?"ன்னு மீன் பிடிக்கிற அண்ணனுங்க கேட்பாங்க. நியாயமான கேள்வி. அவங்க வயித்துலயும் அடிக்கக் கூடாது. அதுக்கு வழி இருக்கு. களை இல்லாத ஏரியில முதல்ல பிடிக்கணும், களை இருக்கிற ஏரியைக் கடைசியில வச்சுக்கணும். பிடிக்கிற தேதியைக் குழுக்கள் சேர்ந்து முன்கூட்டியே முடிவு பண்ணா, காயுற நாளும் அதுலயே அடங்கிடும். இன்னும் நல்ல வழி, ஏரிக்கு ஒரு வலை சொந்தமா வச்சுக்கிறது. கூட்டமைப்பு மூலமா மொத்தமா வாங்கினா விலையும் குறையும், கடனாக் குடுத்துத் தவணையிலயும் வசூலிக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். மீன்குஞ்சு வாங்கும்போது நம்பிக்கையான பண்ணையில வாங்குங்க. வேற குஞ்சு கலந்திருக்கா, பையில செடித் துண்டு இருக்கான்னு பார்த்துட்டு விடுங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்க நம்ம நாட்டுல தடை இருக்கு, யார் ஆசை காட்டினாலும் வாங்காதீங்க. ஆகாயத்தாமரைத் தண்டுல கூடை பின்னுறவங்களும் உரம் போடுறவங்களும், எடுத்த இடத்துலயே நல்லாக் காய வச்ச பிறகுதான் வேற ஊருக்குக் கொண்டு போகணும்.

கடைசியா என் வேண்டுகோள். இந்த மாசக் குழுக் கூட்டத்துல ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டுல ஒரு வரி எழுதணும்: "சுத்தம் பண்ணி, காய வைக்காத படகும் வலையும் எங்கள் ஏரியில் இறங்காது." மீன் பிடிக்கிறவங்களோட பேசுற ஒப்பந்தத்துலயும் அதைச் சேர்க்கணும். ஊக்குநரும் பிரதிநிதியும் கரையில நின்னு பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பரிசல் இறங்கணும். வாரம் ஒரு தடவை இரண்டு பேர் கரையைச் சுத்தி வரணும். பத்து செடி இருக்கும்போதே பார்த்துட்டா அரை மணி நேர வேலை. நாற்பதாயிரம் ஆன பிறகு பார்த்தா, குழுவோட சேமிப்பு முழுசும் போட்டாலும் பத்தாது.